பையோடு ஒரு மட்ச்

எங்கள் வீட்டில் ‘பை’ என்று சொல்லத் தடை இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போது வாசலில் நின்று, மற்றப் பிள்ளைகளைப்போல, “பை அம்மா” என்று குரல் கொடுத்தால் போதும், குசினிக்குள் இருந்து அம்மா கரண்டியும் கையுமாக வந்துவிடுவார். “பையாவது கையாவது! போட்டு வாறன் எண்டு சொல்லிப் பழகு. போறதை மட்டும் சொல்லிப்போட்டுப் போற பழக்கம் எங்களிட்டை இல்லை.” நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி “போட்டு வாறன்” என்று சொல்லுவேன். அதற்குப் பிறகுதான் கரண்டி கீழே இறங்கும். போகிறவர் தான் திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்கவேண்டும். அப்படிச் சொல்லாமல் போய், வராமலே விட்டவர்கள் சிலர் அம்மாவின் ஞாபகத்தில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில், ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, நாங்கள் குடும்பமாக எங்கள் வான் வண்டியில் ஏறி, சாப்பிடப் பற்றீஸும் றோல்ஸும் கட்டிக்கொண்டு, பையைத் தோற்கடிக்கப் போனோம். அந்தக் கதையை மாமாவில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் கிரெய்கிபர்ன் வீட்டின் கராஜில், பாதியில் ஒரு திரை கட்டி, ஒரு கட்டிலும் ஹீற்றரும் போட்டுக்கொண்டு இருந்தார். நானும் அம்மாவும் அப்பாவிடம் விமானத்தில் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. மாமா அதற்கு முன்பே வள்ளத்தில் வந்தவர். வள்ளத்தில் அகதியாக வந்தவர்களுக்கு, இருக்க விடுவதா அனுப்புவதா என்று தீர்மானிக்கும் ‘கேஸ்’ என்று ஒன்று உண்டு. அது எங்கோ ஒரு அரசாங்கக் கந்தோரில் நடந்துகொண்டே இருக்கும். மாமா கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே இருப்பார். மன்னாரில் இருந்து மாமியும் என் வயதுக்காரியான மச்சாளும் ஃபோனுக்குள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். இதுதான் உலகத்தின் ஏற்பாடு என்று நான் நம்பியிருந்தேன். நான் ஹைஸ்கூலில் சேர்ந்த வருடம் கேஸ் முடிந்தது. தோற்றுப்போய் முடிந்தது. பிடித்து அனுப்பும்வரை பார்த்துக்கொண்டு இருக்காமல், தானாகவே போகிறேன் என்று மாமா கையெழுத்து வைத்துவிட்டார். குளிர்காலம் முடியுமுன் ஒரு புதன்கிழமை பயணம்.

திரும்பி வருவாரா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்து போகிற எல்லாரும் போட்டு வருகிறவர்கள்தானே.

மாமா போவதற்கு முன்பு என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டார். “பிள்ளை, நான் போறதுக்குள்ள நீ ஒரு மட்ச் வெல்லுறதைப் பாக்கவேணும். சும்மா சமன் செய்யிற கதையெல்லாம் வேண்டாம். வெல்லவேணும்.”

நான் பள்ளிக்கூடப் பெண்கள் ஃபுட்போல் ரீமில் வலது ஓரத்தில் ஓடுகிறவளாக இருந்தேன். அந்த ஓரத்தை வாங்கித் தந்தவரே மாமாதான். வீட்டுக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே பந்தை வைத்துப் பழக்கியவர் அவர். மன்னாரில் கோயில் திருவிழாக் கிண்ணங்களுக்கு வருடக்கணக்காக ஒரு ரீமை நடத்தியவர். இந்த ஊரில் ஃபுட்போலைச் சொக்கர் என்று சொல்வதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. “காலால அடிக்கிறதுக்கு வேற பேராம். கையால தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கு ஃபுட்போலாம். விசர்ச் சனம்” என்பார்.

எங்களுடையது சின்னக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். அதற்கு முந்தைய வருடம்வரை எங்களைப் போன்ற சின்னப் பள்ளிகளோடு, பக்கத்து ஊர்களில் விளையாடி, வெல்வதும் தோற்பதுமாகக் காலம் போயிருக்கிறது. அந்த வருடம் மேல் பிரிவில் இருந்து சில பள்ளிகள் விலகிக்கொள்ள, எண்ணிக்கையை ஒப்பேற்றுவதற்காக எங்களைத் தூக்கி மேலே போட்டுவிட்டார்கள். மேலே இருந்தவை நீச்சல்குளமும், பாயை விரித்த மாதிரிப் புல்வெளிகளும், சம்பளத்துக்குப் பயிற்சியாளரும் வைத்திருந்த பள்ளிகள். எங்கள் கோல் காக்கிற பிள்ளையோ பந்து வரும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். மேலே போனதைப் பள்ளிக்கூடம் பெருமையாக அறிவித்தது. அதிபர் கைதட்டச் சொன்னார். நாங்களும் தட்டினோம்.

பிறகு ஃபிக்ஸ்சர் வந்தது. எந்தச் சனிக்கிழமை எவரோடு, எந்த மைதானத்தில் என்று போட்டிருக்கும் அட்டவணைக்கு இங்கே அதுதான் பெயர். அதைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில், அம்மாவின் வேலைநாள் அட்டவணையான றோஸ்ரருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மாமா வேலையால் வந்து, கை கழுவி, தேத்தண்ணிக் கோப்பையோடு அதற்கு முன்னால் போய் நின்றார். செபமாலை சொல்கிறவரைப்போல உதடு அசைந்தது.

“ஐயோ பிள்ளை, உங்களைக் கொண்டுபோய் நேரா சிங்கத்தின்ர வாய்க்குள்ள விட்டிருக்கிறாங்கள்.”

விஷயம் இதுதான். பிரிவிலேயே பெரிய பள்ளிகள் எல்லாம் எங்களுக்கு முதல் சனிக்கிழமைகளிலேயே வரிசையாக வந்தன. அதிலும் பாதி நகரத்தின் மறுகோடியில். எங்கள் அளவுப் பள்ளி ஒன்றே ஒன்று இருந்தது. அது கடைசிச் சனிக்கிழமை வந்தது, மாமா போய்ப் பல நாளுக்குப் பிறகு.

மாமா கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு விளங்கப்படுத்தினார். “பள்ளிக்கூடங்களும் இதேதான், பிள்ளையளும் இதே பிள்ளையள்தான். ஆனா ஒழுங்கை மாத்தினா ரீமே மாறிப்போகும், தெரியுமே? முதல் மட்ச் சின்ன ரீமோட எண்டு வை. வெண்டிட்டு வருவீங்கள். வெண்ட பிள்ளைக்கு அடுத்த கிழமை கால் ஒரு அங்குலம் நீளும். தோத்த பிள்ளைக்குச் சுருங்கும். இப்பிடித் தொடர்ந்து அடி வாங்கிப்போட்டுக் கடைசியில சின்ன ரீமைக் கண்டாலும், அதுவும் பெரிசாத்தான் தெரியும்.” அன்று படுக்கும்போது நான் என் கால்களை நீட்டி வைத்துப் பார்த்தேன். எனக்கு அது வெறும் பேச்சாகப் படவில்லை.

மன்னாரில் இதற்கு வழி இருந்ததாம். பங்குச் சுவாமியாரைக் கண்டு கதைத்தால் எந்த ரீம் எந்த நாள் என்பதை முன்னே பின்னே தள்ளலாமாம். எனவே மாமா ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டிறைச்சி றோல்ஸ் ஒரு பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு, என்னை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொண்டு, எங்கள் ஸ்போர்ட்ஸ் ரீச்சரைப் பார்க்க வந்தார். ரீச்சர் மூன்று றோல்ஸ் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டார். அதன் பிறகு, ஃபிக்ஸ்சரைத் தான் போடுவதில்லை, வேறு ஓர் இடத்தில் கொம்ப்யூட்டர் போடுகிறது, அதில் ஒரு கோடுகூட மாற்ற முடியாது என்றார். நான் மாமாவுக்குச் சொன்னேன்.

“கொம்ப்யூட்டருக்கு றோல்ஸ் குடுக்கேலாதே” என்றார் மாமா, உண்மையான கவலையோடு. வெறும் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மாமா சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு இப்போது ஒரே காலைப்பொழுதாகத்தான் ஞாபகம் வருகின்றன. இருட்டோடு எழுப்புவார்கள். அப்பா கிழமை முழுதும் வெயர்ஹவுஸில் பெட்டி தூக்கிய முதுகோடு படுத்திருப்பார். மாமாதான் வானை ஓட்டுவார். கம்பளி ஜம்பருக்கு மேல் ஜம்பர் போட்டு, பின்சீற்றில் சுருண்டு, நான் மறுபடியும் தூங்கிப்போவேன். கண் விழிக்கிறபோதெல்லாம் வெளியே மூடுபனி. அதற்குள் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து, நெற்றியைத் தொட்டுவிட்டுப் போவதுபோல் இருக்கும். மாமா சின்னக் குரலில் மாதா பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். நகரம் முழுவதும் எங்களுக்குக் கீழே எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை கிளென் வேவர்லிப் பக்கம் போனபோது நான் விழித்துப் பார்த்து, “மாமா, மன்னார் வந்திட்டுதோ?” என்று கேட்டேனாம். மாமா வானை ஓரத்தில் நிற்பாட்டிச் சிரித்தாராம். சிரித்த பிறகு கொஞ்ச நேரம் வானை எடுக்கவில்லை. அது எனக்கு அரைத் தூக்கத்தில் தெரியும்.

போய் இறங்கினால் கால் மரத்திருக்கும். எதிர்ப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் கோப்பி குடித்துவிட்டு நடந்து வந்தவர்கள், வந்து ஒரு மணிநேரமாகப் பழகிக்கொண்டு இருப்பார்கள். நாங்கள் பச்சைச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு நிற்போம். விசில் ஊதி, கண்ணைத் துடைக்குமுன் இரண்டு கோல் விழுந்திருக்கும். ஆறுக்குப் பூச்சியம், ஐந்துக்குப் பூச்சியம். ஒரு கிழமை எங்கள் பிள்ளை ஒருத்தி எதிராளி கோலைத் தவறுதலாகத் தடுத்துவிட்டாள், அதைக்கூட நாங்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடினோம். கோட்டுக்கு வெளியே மாமா மட்டும் ஒவ்வொரு முறையும் கையைத் தட்டி, “பரவாயில்லை பிள்ளை, கால் சுருங்க விடாதே!” என்று தமிழில் கத்துவார். மற்றத் தாய் தகப்பன்மார் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது அந்தக் குரலை ஒரு தரம் கேட்க என்னவும் கொடுப்பேன்.

அம்மா ஒரு மட்சுக்கும் வரவில்லை. அந்த நாட்களில் அவர் கேட்டு வாங்கி வாங்கி மேலதிக ஷிப்ட் செய்தார். சனிக்கிழமை வேலை, ஞாயிறு பூசை முடிந்த கையோடு வேலை. வீட்டில் நிற்கிற நேரத்திலும் மாமாவுக்குச் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட உட்காருமுன் அயர்ன் பண்ணப் போய்விடுவார். மாமா குசினிக்குள் வந்தால் அம்மா ஹோலுக்குப் போவார். ஹோலுக்கு வந்தால் உடுப்பு எடுக்க வெளியே போவார். மாமாவின் சூட்கேஸ் கராஜில் திறந்தபடி கிடந்தது. அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. கராஜைக் குப்பையாக வைத்திருக்கிறார் என்று அம்மாவுக்கு மாமாவில் கோபம் என்பது என் முடிவு. மாமாவிடமே அதைச் சொன்னேன்.

“ஓம் பிள்ளை, சரியான கோவம்” என்றார் மாமா.

ஆனாலும் ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணியோடு ஃபிரிட்ஜுக்கு முன்னால் நிற்பதை அவர் விடவில்லை. விரல் ஃபிக்ஸ்சரில் ஓடும், பக்கத்தில் அம்மாவின் றோஸ்ரருக்குத் தாவும், திரும்பி வரும். எங்கள் ரீமுக்கு எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று தேடுகிறார் என நினைத்து, நானும் பக்கத்தில் நின்று தேடுவேன். அப்படி நிற்கும்போதுதான் ஒருநாள் அதைக் கண்டேன். மாமா போகும் புதனுக்கு முந்தைய சனிக்கிழமை. எங்கள் பள்ளிப் பெயருக்கு எதிரே மூன்றே மூன்று ஆங்கில எழுத்து.

“மாமா, பை எந்தப் பள்ளிக்கூடம்?”

மாமா தாடியைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார். அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த அம்மாவின் முதுகைப் பார்த்தார்.

“அதுவோ? அது ஒரு பொல்லாத ரீம் பிள்ளை. அவங்களை ஒருத்தரும் இதுவரைக்கும் தோக்கடிச்சதில்லை.” குரலைக் கொஞ்சம் கூட்டினார். “ஆனா ஒரு விசேஷம். அவங்களும் ஒருத்தருக்கும் ஒரு கோல்கூட அடிச்சதில்லை.”

“அப்ப நாங்கள் வெல்லலாமோ?”

“வெல்லலாமோவோ? இந்த வருசம் நீங்கள் வெல்லுறதெண்டா இது ஒண்டுதான். எங்கட மைதானத்திலதான் மட்ச். அக்கா, கேட்டீங்களே? பிள்ளை வெல்லப்போற மட்ச் வருகுது.”

அம்மா திரும்பவில்லை. “என்ன பேயோ?”

“பேயில்லை அக்கா, பை.”

“இதென்ன பேர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. விளங்கின மாதிரித்தான்.” அயர்ன் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றது. “எந்தச் சனி?”

அடுத்த நாள் அம்மா அந்தச் சனிக்கிழமை வேலையை வேறு ஒருத்தியோடு மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விலையாகக் கொடுத்தாராம். அதைச் சொன்னபோதும் மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வந்து மூன்று வருடத்தில் அம்மா எனக்காக லீவு எடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை.

வியாழக்கிழமை ரீச்சர் எங்களைக் கூட்டி, இந்தக் கிழமை பை, நன்றாக ஓய்வெடுங்கள் என்றார். ஆங்கிலத்தில் ஒரு சொல் விளங்காவிட்டால் கேட்பதில்லை என்பது அப்போது என் கொள்கை. கேட்டால்தானே தெரியாதென்று தெரியும்? பெரிய மட்சுக்கு முன்னால் ஓய்வெடுக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளி இரவு பையைக் கனவில் கண்டேன். வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள், மூடுபனிக்குள் இருந்து சத்தமில்லாமல் ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். முகம் தெரியவில்லை. எல்லாரும் எனக்குக் கை காட்டினார்கள். பயமாக இல்லை, ஏனோ அவர்களைப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை விடிய வீடு முழுதும் பற்றீஸ் வாசம். அம்மா குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போடும் வெள்ளைச் சப்பாத்தோடு வானில் ஏறினார். அப்பாவும் முதுகைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத் தானே ஓட்டுவதாக ஸ்ரியறிங்குக்கு முன்னால் ஏறினார். பந்து ஒன்றை மாமா எதற்காகவோ மடியில் வைத்திருந்தார்.

மைதானத்தில் யாருமில்லை. கார் தரிப்பிடத்தில் ஒரு வாகனம் இல்லை. புல் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. தூரத்துக் கோல்போஸ்ற் பாதிதான் தெரிந்தது. விமானநிலையம் பக்கத்தில் என்பதால், எங்கள் தலைக்கு மேலே, மூடுபனிக்குள் இருந்து விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கின, ஏறின. அவற்றின் சத்தம் மட்டும் நின்று நின்று போனது.

“நேரத்துக்கு வராத பள்ளிக்கூடமும் ஒரு பள்ளிக்கூடமே” என்றார் அம்மா. மைதானத்தில் கோடு போடுகிற வெள்ளைக்காரர் ஒருவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா தன்னுடைய ஆங்கிலம் முழுவதையும் திரட்டிக்கொண்டு அவரிடம் போனார். நானும் கூடவே போனேன்.

“எக்ஸ்கியூஸ் மீ, பை எத்தனை மணிக்கு வரும்?”

அவர் என் பச்சைச் சட்டையைப் பார்த்தார். “உங்களுக்கு இன்றைக்கு பை” என்றார்.

“யெஸ், யெஸ். பை. எத்தனை மணிக்கு?”

மனுஷன் சற்றே குழம்பினார். இந்தப் பெண் தன்னை வழியனுப்புகிறாள் என்று நினைத்திருக்கவேண்டும். “பை, லவ்” என்று அன்பாகக் கையசைத்துவிட்டு, மெஷினைத் தள்ளிக்கொண்டு மூடுபனிக்குள் போய்விட்டார்.

வானுக்குள் அப்பா ஸ்ரியறிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். அம்மா வந்து கதவைத் திறந்தார். “என்ன சிரிப்பு? அந்தாள் பை சொல்லிப்போட்டுப் போறான். ரீம் எங்க?”

“அது ரீம் இல்லையப்பா” என்றார் அப்பா, கண்ணைத் துடைத்தபடி. “பள்ளிக்கூடங்கள் ஒத்தை எண்ணாய் இருந்தா ஒவ்வொரு கிழமையும் ஒண்டுக்குச் சோடி இல்லாமல் போகும். அந்தக் கிழமை அவைக்கு மட்ச் இல்லை. அதைத்தான் பை எண்டு சொல்லுறது. எங்கட வெயர்ஹவுஸில எல்லாரும் கதைக்கிறவங்கள்.”

“தெரிஞ்சுகொண்டே இருந்தனீங்கள்?”

“நீர் என்னட்டை எங்க கேட்டனீர்?”

அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. “அந்த மனேஜர்ப் பொம்பிளையிட்டைக் கெஞ்சிக் கூத்தாடி ஷிப்ட் மாத்தினனான்! இருட்டுக்குள்ள எழும்பிப் பற்றீஸ் பொரிச்சனான்! ஆருமில்லாத மட்சுக்கு!” என்று மைதானம் அதிரக் கத்திவிட்டு, மாமாவின் பக்கம் திரும்பினார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு நேருக்கு நேராக. “டேய், உனக்கும் தெரியாதே?”

“எனக்கென்ன அக்கா இங்கிலீசே தெரியும்?” என்றார் மாமா. பூசைக்கு உதவி செய்கிற சின்னப் பெடியனின் முகம். “சரி, வந்தது வந்திட்டம். போஸ்ற் இருக்கு. போல் இருக்கு. பை வரேல்லையெண்டா என்ன, நான் பைக்கு விளையாடுறன்.”

அப்படித்தான் அந்த மட்ச் நடந்தது. பைக்கு மாமா ஒரே ஆள். எங்கள் பள்ளிக்கு நான். அப்பா கதிரை போட்டு உட்கார்ந்த றெஃபறி. எங்கள் பக்கம் கோல் காக்க ஆள் வேண்டுமே என்று நான் முழிக்க, மாமா சொன்னார், “உன்ர அம்மா ஆர் எண்டு நினைச்சனீ? எனக்குக் கோல் காத்த ஆள்.” அம்மா “போடா விசரா” என்றார். என்றவர், கோட்டைக் கழற்றி அப்பாவின் மடியில் எறிந்துவிட்டு, போஸ்றுக்குக் கீழே போய் முழங்காலை மடித்து நின்றார். அப்படி நிற்கத் தெரிந்தவர்தான் அப்படி நிற்கமுடியும்.

மாமா ஒரு கோல் அடித்தார். நான் ஒன்று அடித்தேன். மாமா இன்னொன்று. எங்கள் மூச்சு வெள்ளையாகப் போனது. மாமா ஓடி மூடுபனிக்குள் மறைவார், பந்து மட்டும் திரும்பி வரும், அதன் பிறகு அவர் வருவார். உண்மையாகவே பையோடுதான் விளையாடுகிறேன் என்று எனக்கு இடையிடையே தோன்றியது. நான் இரண்டாவதும் அடித்து, பிறகு மூன்றாவதும் அடித்தேன். மூன்றுக்கு இரண்டு. அதுவரை ஒரு மட்சில் நான் முன்னால் நின்றதே இல்லை. “கடைசி நிமிசம்!” என்று அப்பா கத்தினார்.

மாமா தூரத்தில் இருந்து ஓங்கி அடித்தார். அம்மா பாய்ந்து, பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். பிறகு விடவில்லை. பந்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தை அதில் வைத்தபடி, எழும்பாமலே இருந்தார். மாமா மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றார். அம்மாவின் முதுகு மட்டும் அசைந்தது. எனக்கு உள்ளம் பூரித்துப்போனது. நேரத்தைக் கடத்துகிறார்! முன்னால் நிற்கும் ரீமின் கோல் காப்பவர் செய்கிற தந்திரம் அதுதான், மாமாவே சொல்லித் தந்திருக்கிறார். “விடாதேங்கோ அம்மா! இன்னும் கொஞ்சம்! விடாதேங்கோ!” என்று நான் துள்ளித் துள்ளிக் கத்தினேன். அப்பா விசிலை வாயில் வைத்தவர், ஊதவே இல்லை.

பிறகு வானின் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். முதல் பற்றீஸை அம்மா மாமாவின் கையில் வைத்தார். காதில் சேறு என்று ஏசி, சால்வையால் துடைத்துவிட்டார். அதன் பிறகு இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள். அவ்வளவு கதை எங்கே இருந்ததோ தெரியாது. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி அம்மாவைத் தன் தங்கை என்று நினைத்து ஏசுகிற கதை, மச்சாளுக்குப் பல்லுக்குக் கம்பி போடவேண்டிய கதை, சின்ன வயதில் இருவரும் சேர்ந்து எவரையோ ஏமாற்றிய கதை. நான் பின்சீற்றில் சாய்ந்தேன். சிரிப்பும் விமானச் சத்தமும் தேத்தண்ணி வாசமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து தூரமாகப் போயின. கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. அவர்கள் இன்னும் கதைத்துக்கொண்டு இருந்தார்கள்.

மன்னாரில் அத்தனை வருடம் ரீம் நடத்தியவருக்கு, சுவாமியாரோடு இருந்து போட்டி வரிசையை முன்னே பின்னே தள்ளிய மனிதருக்கு, பை என்றால் என்னவென்று தெரியாதா? இது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் எடுத்தது. மகளின் மட்சுக்கென்றால் அம்மா லீவு கேட்பார். தம்பியோடு சும்மா இருப்பதற்கு லீவு கேட்டால், தம்பி போகிறான் என்று தன் வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதை அம்மா செய்யமாட்டார் என்பது மாமாவுக்குத் தெரியும். ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று அவர் தேடியது எங்கள் வெற்றியை மட்டுமல்ல. பை கதையைச் சொல்லி நாங்கள் அம்மாவை வருடக்கணக்காகக் கேலி செய்திருக்கிறோம். அம்மா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

மாமா போன பிறகு வந்த அந்தக் கடைசிச் சனிக்கிழமை, எங்கள் அளவுப் பள்ளியோடு விளையாடி, இரண்டுக்கு ஒன்று என்று மெய்யாகவே வென்றோம். ஓடிப்போய் மன்னாருக்கு ஃபோன் எடுத்தேன். “நல்லது பிள்ளை, அப்ப ரெண்டு வெற்றியாச்சு” என்றார் மாமா.

ஆனால் அதற்கு முன்பு அந்தப் புதன்கிழமை இருந்தது. பையோடு விளையாடி நாலாம் நாள், காலையில் மாமாவை ஏற்றிக்கொண்டு விமானநிலையத்துக்குப் போனோம். எங்கள் வீட்டில் இருந்து கொஞ்சத் தூரம்தான். அப்பா மாமாவைக் கட்டிப்பிடித்து, “சரி மச்சான்” என்றார். கண்ணாடிக் கதவுக்கு அங்கால் எங்களால் போகமுடியாது. அம்மா மாமாவின் ஜாக்கெற் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டார். பிறகு, “போட்டு வா தம்பி” என்றார்.

மாமா வாயைத் திறந்தார். பதில் எல்லாருக்கும் தெரியும், குழந்தைப்பிள்ளையும் சொல்லும். மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சொல்லவில்லை. கதவு தானாகத் திறந்து மூடியது. பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு கையில் மூன்று விரலும் மறு கையில் இரண்டு விரலும் காட்டி, “பை, பிள்ளை” என்றார்.

நான் வெடித்துச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மட்சைத்தான் சொல்கிறார்! அம்மாவுக்கு முன்னாலேயே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார், இப்போது வாங்கிக்கட்டப் போகிறார் என்று ஆவலோடு அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஏசவில்லை. நானும் மூன்று விரலை உயர்த்திக்கொண்டு, “பை மாமா!” என்று உரக்கக் கத்தினேன். அம்மா என்னையும் ஏசவில்லை. கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானேன் என்று, அவர் உள்ளே போய் மறைகிறவரைக்கும், இன்னும் இரண்டு மூன்று தரம் அதையே சொன்னேன்.